அமரர் போடாத பெயர்

ஜூன் 3, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது இந்த முதியோர் இல்லம். நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். எனக்கு அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு ஃபேன், ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பாப்பாவின் தலை நுழையுமா என்றுதான் முதலில் அளந்து பார்த்தேன். நுழையாது.

செயலாளர் அருணகிரி சார் நல்ல மாதிரிதான். ஆனால் வாக்கியத்தை முடிக்க மாட்டார். "கைக்குழந்தையோட இங்க ஆள் எடுத்ததில்லம்மா. ஜூலை கடைசி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பெரியவங்களுக்கு எதாவது தொந்தரவுன்னா..." என்று நிறுத்திவிட்டார். முடிக்காத வாக்கியங்கள்தான் என் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஃபோன், ரசீது, சேர்க்கை ஃபைல்கள், கரும்பலகை எல்லாம் என் பொறுப்பு. சாப்பாட்டுக்கூட வாசலில் இருக்கும் பலகையில் அன்றைய மதியச் சாப்பாடு யார் நினைவாக, யார் உபயம் என்று எழுத வேண்டும். எல்லோரும் எழுந்து நிற்க, அந்தப் பெயரை உரக்க வாசித்த பிறகுதான் இலை போடுவார்கள். பழைய மேனேஜர் உபய நோட்டின் முதல் பக்கத்தில் மாதிரி எழுதி ஒட்டிவைத்திருக்கிறார். பிறந்தநாள் என்றால் செல்வன், செல்வி. நினைவு நாள் என்றால் அமரர். பலகையைப் படம் எடுத்துப் பத்து மணிக்குள் கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். இது மட்டும் என்னிலிருந்து தொடங்கும் புது வழக்கமாம்.

இங்கே இலவசமாக இருக்க ஒரே நிபந்தனைதான், பிள்ளைகள் இருக்கக் கூடாது. சேரும்போது அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். பொய் என்று தெரிந்தால் அந்த மாதக் கடைசிக்குள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். வெளியே பதினேழு பேர் காத்திருக்கிறார்கள்.

வேலைக்காகத்தான் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

பாப்பா ஏழு கிலோ எழுநூறு. சமையலறைத் தராசில் நிறுத்தேன். முருங்கைக்காய் நிறுக்கிற தராசு, நூறு கிராம் முன்னப்பின்ன இருக்கும் என்றார் சமையல் பவுனக்கா. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

ஜூன் 8, சனி

மண்டியில் மிஞ்சிய முருங்கைக்காய் இரண்டு மூட்டை வந்தது. அதனால் இந்த வாரம் முழுக்க முருங்கைக்காய்தான்.

காலையில் சமையலறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை அடித்திருந்தது. பவுனக்கா தடுக்கி விழப் பார்த்து, "எவன்டா இது, ஆட்டுப்பட்டியா இது?" என்று கத்தினார். பதினொன்றாம் கட்டில் ராமையா என்பவர் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். எழுபத்தைந்து வயதிருக்கும்.

"புள்ள தவழுது. உள்ள அடுப்பு எரியுது" என்றார்.

"புள்ளயப் பெத்தவ பாத்துக்கிருவா. நான் குண்டாவத் தூக்கிட்டு இதத் தாண்டணுமா?"

"தாண்டிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நன்றி சொல்லப் போனேன். அவர் என்னைப் பார்த்தார், என் இடுப்பிலிருந்த பாப்பாவை மட்டும் பார்க்கவில்லை. இங்கே இருக்கிற அத்தனை பேரும் அவளைக் கொஞ்சுகிறார்கள், கிள்ளுகிறார்கள், பொக்கை வாயால் முத்தம் கொடுக்கிறார்கள். (கிருமி பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. பிறகு வெந்நீரில் துடைத்துவிடுகிறேன்.) இவர் ஒருவர் மட்டும் அவளைப் பார்த்தாலே இரண்டடி பின்வாங்குகிறார். பிள்ளைகளைப் பிடிக்காதவர் எதற்குப் பலகை அடிக்க வேண்டும்?

ஜூன் 13, வியாழன்

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

ரசத்தைக் குண்டாவோடு பந்தி நடுவில் தரையில் வைத்திருந்தார்கள். நான் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பாப்பா தவழ்ந்து போய்க் குண்டாவின் விளிம்பைப் பிடித்துவிட்டாள். அந்தக் கூடத்தில் யாரும் ஓட முடியாத வயது. ராமையா மட்டும் ஓடினார். குழந்தையைத் தூக்குவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் குண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கொதிக்கிற ரசம் பாதி அவர் காலில் கொட்டியது.

பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. நாலு தடவை துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை.

ஜூன் 14, வெள்ளி

அவர் காலுக்கு மருந்து போட்டேன். பாதம் முழுக்கக் கொப்புளம். முகத்தில் வலி தெரியவில்லை. கொஞ்சம் நிம்மதியாக இருக்கிற மாதிரிகூடத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

"புள்ளயத் தூக்கியிருக்கலாமேய்யா, இப்படிக் கால்ல ஊத்திக்கிட்டதுக்கு."

"நான் தூக்க மாட்டேன் அம்மணி." பிறகு அவராகவே, "எத்தன மாசம்?" என்றார்.

"பத்து முடிஞ்சது."

"நிக்க ஆரம்பிச்சதும் மேசத் துணியப் பிடிச்சு இழுக்கும். மேச மேல துணி விரிக்காத. இஸ்திரிப் பெட்டி வயரு, ஃப்ளாஸ்க்கு, ஒண்ணும் கைக்கெட்ட வைக்காத."

சேர்க்கை ஃபைலில் பார்த்தேன். 'ராமையா. திருமணம் ஆகாதவர். உறவினர் எவரும் இல்லை.' சேர்ந்தது 2017, ஜூலை. திருமணம் ஆகாதவருக்கு மேசைத் துணி எப்படித் தெரியும்?

ஜூன் 20, வியாழன்

செயலாளரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். யாராவது பொய் சொல்லிச் சேர்ந்தால் உண்மையிலேயே அனுப்பிவிடுவீர்களா?

"போன வருசம் ஒரு அம்மாவ அனுப்பினேன். அழுதுகிட்டேதான் போனாங்க. நானும் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. ஆனா ஒண்ணு யோசிம்மா. மகன் இருக்கிறவரு இங்க படுத்திருந்தா, நெசமாவே யாருமில்லாத ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கான்னு அர்த்தம். ஏன், எதாவது..."

"இல்ல சார், ஃபைல் ஒழுங்குபண்ணும்போது தோணுச்சு."

அவர் சொல்வதும் நியாயம்தான். இனி அந்த ஃபைலைத் தொட மாட்டேன்.

ஜூன் 27, வியாழன்

லூர்தம்மா என்று ஒருவர் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. யார் என்ன சாப்பிட்டார்கள், யார் குறட்டை விட்டார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெங்காயம் உரித்துக்கொண்டே தானாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. ராமையா எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறவர்தான் என்று மட்டும்தான் நான் சொன்னேன்.

"வருசத்துல ஒருநா மட்டும் திங்க மாட்டான். ஏதோ வெரதம் மாதிரி. போன வருசம் வடை, பாயசம், அப்பளம் எல்லாம் போட்டாங்க. அன்னிக்குப் பாத்து கெணத்தடியில ஒக்காந்து எச்சிப் பாத்திரம் கழுவுறான். பைத்தியம். அவன் பாயசத்த நாந்தான் குடிச்சேன்."

"என்னைக்கும்மா அது?"

"ஆனி கடைசி. பாயசம் போட்ட நாள் எனக்கு மறக்குமா?"

பழைய உபய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆனிக் கடைசியில் பாயசத்தோடு ஒரே ஓர் உபயம். ஜூலை 9. ஆறு வருஷமாக ஒரே வரி, பழைய மேனேஜரின் அழகான கையெழுத்தில்: 'அமரர் கு. நாச்சிமுத்து நினைவாக. உபயம்: குடும்பத்தார், பூனா.' அதற்கு முந்தைய வருஷங்களில் அதே நாச்சிமுத்து பழனியிலிருந்து மணியார்டரில் தன் மனைவியின் நினைவு நாளுக்கு அனுப்பியிருக்கிறார்.

இறந்துபோன நாச்சிமுத்துவுக்கும் சாப்பிடாத ராமையாவுக்கும் என்ன சம்பந்தம்? நண்பராக இருக்கலாம். கடன்பட்டவராகவும் இருக்கலாம். இதை யோசித்துக்கொண்டே பாப்பாவின் பாலைப் பொங்கவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

பாப்பாவின் அப்பா மூன்று முறை அழைத்திருந்தார். எடுக்கவில்லை. எடுத்தால் மெதுவான குரலில், 'பரவால்ல, யாரும் உன்ன ஒண்ணும் சொல்லலயே' என்பார். உண்மைதான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா கட்டிலிலிருந்து விழுந்த அன்றைக்குப் பிறகு அத்தை அவளைத் தன் அறையில் படுக்கவைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவள் தலையில் வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. பார்க்கிற யாருக்கும் தெரியாது. என் விரலுக்கு மட்டும் அந்த இடம் தெரியும்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் மாதிரியைப் பார்த்து எழுதினேன். 'அமரர் கு. நாச்சிமுத்து நினைவாக. உபயம்: குடும்பத்தார், பூனா.' படம் எடுத்து ஒன்பதரைக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் ஃபோன் வந்தது.

"மேடம், நான் பூனாவுல இருந்து தனபாலன். நாச்சிமுத்துவோட மகன். அமரர்னு போட்டிருக்கீங்க."

"நினைவு நாள்னா அப்படித்தான் சார் போடுவோம்."

"நாங்க எழுதிக் குடுக்கலயே. பேரு மட்டும்தான அனுப்புறேன் ஒவ்வொரு வருசமும்."

நோட்டில் இருக்கிறதே என்றேன். ஆறு வருஷமாக இருக்கிறது என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. நினைவாக என்று பணம் வந்தால் பெயருக்கு முன்னால் இவர்களாகவே அமரர் போட்டுவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்காது.

"அப்பா வீட்ட விட்டுப் போன தேதி மேடம் இது. செத்த தேதி இல்ல. எங்கயோ இருக்காரு. அம்மா பேர்ல உங்க எடத்துக்குத்தான் குடுத்துக்கிட்டிருந்தாரு, அதனால நானும் அங்கயே... அத அழிச்சிருங்க, தயவுசெஞ்சு."

"அழிச்சிடறேன் சார். உபயம்னு உங்க எல்லாரு பேரையும் எழுதட்டுமா?"

"எழுதுங்க. தனபாலன், கவுசல்யா, மகிழினி."

"மகிழினி..."

"பொண்ணு. மூணாங்கிளாஸ்."

ஈரத்துணியால் அமரரை அழித்தேன். பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பினால் பின்னால் ராமையா நிற்கிறார். கையில் பாத்திரம் கழுவ எடுத்துப்போகும் தேங்காய் நார். அவர் எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. (ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கையில் சாக்பீஸ் இருந்ததால்தான்.)

"அந்த மூணாவது பேர வாசி அம்மணி. எனக்குக் கண்ணு தெரியல" என்றார்.

வாசித்தேன்.

"மறுக்கா வாசி."

மறுபடியும் வாசித்தேன். அவர் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு நாரைப் பலகையின் கீழே வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனார். இலை போட இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். பாயசம் இரண்டாவது தம்ளர் கேட்டார். லூர்தம்மாவுக்குத்தான் கோபம். "இந்த வருசம் என்ன வந்துச்சாம் அவனுக்கு?"

ஜூலை 10, புதன்

அவராகவே அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நான்தான் நாச்சிமுத்து என்றார். தெரியுமய்யா என்றேன்.

பூனாவில் மகன் வீட்டில் இருந்தபோது மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி இவரிடம். அன்றைக்குப் பால் கலக்கக் கெட்டிலில் வெந்நீர் வைத்து மேசைமேல் வைத்திருக்கிறார். டப்பாவை எடுக்கத் திரும்பியிருக்கிறார். பதினோரு மாதக் குழந்தை துணியைப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறது.

"வலது கையி. தோள்லருந்து வெரலு வரைக்கும். ஆசுபத்திரியில உள்ள கொண்டுபோய்ட்டாங்க. நான் வெளிய நின்னேன். யாரும் என்னய ஒரு வார்த்த கேக்கல. மருமக தண்ணி பாட்டிலக் குடுத்து, 'மாமா, நீங்க வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க'ன்னா. போனேன். தரையெல்லாம் அந்தத் தண்ணி கெடந்துச்சு. தொடச்சேன். தொடச்சுட்டுக் கெளம்பிட்டேன்." அப்புறம், "எவனாவது ஒருத்தன் திட்டியிருந்தா இருந்திருப்பேன் அம்மணி" என்றார்.

பழனிக்கு டிக்கெட் எடுத்தாராம். அங்கே வீடு இல்லை, விற்றாகிவிட்டது. தெரிந்த முகவரி இது ஒன்றுதான். பொய்ப் பெயர் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார். குழந்தை பிழைத்ததா இல்லையா என்று ஏழு வருஷம் தெரியாது. விசாரிக்கப் பயம். அடுத்த வருஷமே பலகையில் தன் பெயருக்கு முன்னால் அமரர் என்று பார்த்திருக்கிறார். "செரி, நம்மளத் தல முழுகிட்டானுக, அப்ப புள்ள பொழைக்கலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பழைய மேனேஜரின் அழகான கையெழுத்து.

போகும்போது ஒன்று கேட்டார். "நேத்து ஃபோன் வந்த நம்பரு இருக்குமில்ல. அந்தப் புள்ள எந்தக் கையால எழுதுதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. நான் இங்க இருக்கேன்னு சொல்லாத. சொன்னா கட்டிலு போயிரும். இந்த வயசுல எங்க போயிப் படுப்பேன்?"

சொல்ல மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

ஜூலை 11, வியாழன்

கேட்கவில்லை. ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அழைத்து உங்கள் பெண் எந்தக் கையால் எழுதுகிறாள் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் அவருக்குக் கட்டில் போகும், எனக்கு வேலை போகலாம். கேட்காவிட்டால் அவருக்குத் தெரியாமலே போகும். அலுவலக ஜன்னலுக்கு வெளியே நாலு தடவை நடந்தார். நொண்டிக்கொண்டே.

ஜூலை 12, வெள்ளி

ரசீதுக்கு முகவரி சரிபார்க்கிற மாதிரி அழைத்தேன். பின்கோடு வரைக்கும் கேட்டேன். பிறகு, "உங்க பொண்ணு எந்தக் கையால சார் எழுதுவா?" என்று கேட்டுவிட்டேன்.

"வலது கைதான். ஏன் மேடம்?"

ரசீதின் ஓரத்தில் 'வலது' என்று எழுதிக்கொண்டேன்.

"எழுத்துதான் கிறுக்கலா இருக்கும், மத்தபடி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். "மேடம். அவரு அங்கயா இருக்காரு?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தனபாலன் ஃபோனை வைத்துவிட்டார்.

வெளியே போய் அவரிடம் சொன்னேன். "வலது கைதான்யா. எழுத்து மட்டும் கிறுக்கலா இருக்குமாம்."

"அது கையால வந்ததில்ல. அவங்கப்பன் எழுத்தும் அப்படித்தான்" என்று சிரித்தார். அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். மிச்சத்தை நான் சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பதினோரு மணிக்குக் கோயமுத்தூர் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. நாற்பது வயதில் ஒருவரும், முழுக்கைச் சட்டை போட்ட ஒரு சிறுமியும் இறங்கினார்கள்.

ராமையா (இனி நாச்சிமுத்து என்றே எழுத வேண்டும்) வராந்தாவில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மகன் வந்து எதிரே நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அவர் திட்ட ஆரம்பித்தார்.

"ஒரு கார்டு. அம்பது காசு கார்டு ஒண்ணு போட முடியாதா உனக்கு? எத்தன ஸ்டேஷன், எத்தன ஆசுபத்திரி. பொணத்தப் பாக்க மூணு தடவ கூப்பிட்டானுக, தெரியுமா? ஒவ்வொரு தடவையும் துணிய வெலக்கறப்ப... நீயெல்லாம் ஒரு அப்பனா?"

வராந்தா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் கையில் வெங்காயத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே, "சொல்லு. இன்னும் சொல்லு" என்றார். லூர்தம்மா, "நல்லாக் கேளுப்பா. பாயசத்தையும் கேளு" என்றார்.

அந்தப் பெண் அப்பாவைத் தாண்டி வந்து, "காணாமப் போன தாத்தா நீங்கதானா?" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்தார். அவள் அதைப் புரிந்துகொண்ட மாதிரி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் பலபேருக்குக் காட்டியிருப்பாள் போல, சாதாரணமாகக் காட்டினாள். தோல் சுருங்கிப் பளபளப்பாக இருந்தது. விரல்களை மடக்கி நீட்டினாள். "இது மட்டும் முழுசா மடங்காது" என்று சுண்டுவிரலைக் காட்டினாள்.

அவர் அந்தச் சுண்டுவிரலைத் தொட்டார்.

நான் உள்ளே வந்துவிட்டேன். மாலையில் பாப்பாவின் அப்பா அழைத்தபோது எடுத்தேன். வழக்கமான பரவாயில்லை வந்தது. பரவாயில்லைன்னு சொல்லாதீங்க, என்ன தோணுதோ அதச் சொல்லுங்க என்றேன். அப்புறம் திட்டினார். கட்டிலில் குழந்தையைப் போட்டுவிட்டு எப்படித் தூங்கினாய் என்பதிலிருந்து, சொல்லாமல் கிளம்பியது வரைக்கும் நன்றாகத் திட்டினார். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு வருகிறாராம்.

ஜூலை 15, திங்கள்

செயலாளர் என்னையும் அவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். "ஏழு வருசம் இன்னொருத்தரோட கட்டில்ல படுத்திருந்திருக்கீங்கய்யா." பெரியவர் கும்பிட்டார். "தப்புத்தான்." செயலாளர் ஆறு வருஷ நோட்டையும் புரட்டிப் பார்த்து, "நாங்களும் உங்கள ஆறு தடவ கொன்னிருக்கோம்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா அவருக்கு ஃபோன் பண்ண?"

"ரசீதுக்கு சார்."

"நம்ம ரசீதுல எந்தக் கையால எழுதுவாங்கன்னு ஒரு கட்டம் இருக்கா?"

மகன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டேன். ஜூலை கடைசி பற்றிச் செயலாளர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு டாக்ஸி கிளம்பியது. பெரியவர் பின்சீட்டில், மடியில் ஒரு துணிப்பை. பவுனக்கா பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார். பூனாவில் கிடைக்கும் என்று மகன் சொன்னதைப் பவுனக்கா காதில் வாங்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயருக்கு ஃபோன் செய்தேன். வேடசந்தூர்ப் பக்கம், டீக்கடையில் நம்பர் கொடுத்திருக்கிற அங்கமுத்து என்பவர். கடைக்காரர் கூப்பிட்டு வர ஐந்து நிமிஷம் ஆனது.

"ஐயா, முதியோர் இல்லத்துல இருந்து பேசுறேன். ஒரு கட்டில் காலியாயிருக்கு."

"அடப் பாவமே. யாரும்மா தவறுனது?"

"யாரும் தவறலைங்கய்யா. அவரு மகன் வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

அவர் இதை யோசித்தார். பின்னால் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"உசுரோடவா?"

"உசுரோடதான்."

"அப்ப அவருக்கு அங்க ஒத்து வராமத் திரும்பி வந்துட்டாருன்னா, என்னய எந்திரிக்கச் சொல்லுவீகளா?"

அப்படி இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. அப்படி யாரும் போனதும் இல்லை. செயலாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்ல மாட்டோம்யா. அவருக்கு இன்னொரு கட்டில் போட்டுக்குவோம். நீங்க வாங்க" என்றேன்.

செயலாளரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.